சார்ஜன் மேஜர் காளிதாசனின் காட்டு வருடங்கள்

அத்தியாயம் பதினான்கு

ஒரு நாட்டின் மானம் அதன் தலைநகரத்தில் இல்லை. அது சிற்றூர்க் காவல் நிலையங்களில், சீருடைக்குள் நெஞ்சு நிமிர்த்தி நிற்கும் மனிதர்களின் கடந்த காலத்தில்தான் பத்திரமாக இருக்கிறது.

பெக்கான் ரம்பை காவல் நிலையத்தைப் பொறுத்தவரை, அந்தக் கடந்த காலத்தில் பெரும்பகுதி நடக்கவே இல்லை.

பெக்கான் ரம்பை பெரிய ஊர் அல்ல. பீடோங்கிலிருந்து செம்பனைக்குள் நுழைந்து போனால், ரப்பர் மரம் கொஞ்சம் மிச்சமிருக்கும் ஒரு திருப்பத்தில் இரண்டு வரிசைக் கடைகள் வரும். அவை முடிகிற இடத்தில் நிலையம். காணாமல் போன மோட்டார், திருட்டுப் போன செம்பனைக் குலை, நடுச்சாலையில் படுத்துக்கொண்டு எழ மறுக்கும் மாடு. வேலை இவ்வளவுதான். ஆனால் அங்கே இருப்பவர்களின் முன்கதையைச் சொன்னால் மாடு தானாகவே எழுந்து நின்றுவிடும்.

கோப்ரல் ரஹ்மத் கடல் பிரிவில் இருந்தவர். லங்காவிப் பக்கம் கடற்கொள்ளையர்களை விரட்டியவர். இது ஊர் அறிந்த செய்தி. படகில் ஏறிய முதல் நாளே குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்து, மீதிக் காலமெல்லாம் கரையில் நின்று படகுகளுக்குச் சாயம் அடித்தவர் என்பது ஊர் அறியாத செய்தி. லான்ஸ் கோப்ரல் லோகேஸ்வரன் பெரிய மனிதர்களின் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர் என்று சொல்வார்கள். மந்திரிகளுக்கு மிக அருகில் நின்றவர் என்பது உண்மைதான். போலீஸ் வாத்தியக் குழுவில் டிரம்போன் ஊதிக்கொண்டு நின்றார்.

இவர்கள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பதில்லை. புதிதாக மாற்றலாகி வருகிறவருக்கும் சீக்கிரமே இந்த ஒழுங்கு புரிந்துவிடும்: அடுத்தவன் முன்கதையை நீ கிளறாதே, உன்னுடையதை அவன் கிளறமாட்டான். அந்த நிலையம் ஒரு நாளும் தவறாமல் காவல் காத்தது இந்த ஒன்றைத்தான்.

எல்லோருக்கும் மேலே இருந்தவர் சார்ஜன் மேஜர் காளிதாசன். வனப்படை. எண்பதுகளில் நான்கு வருடம் தாய்லாந்து எல்லைக் காட்டில் ரோந்து போனவர். இலையில் தேங்கிய மழைத்தண்ணீரைக் குடித்து உயிரோடு இருந்தவர். மண்ணுக்குள் புதைத்த கண்ணிவெடியைப் பூட்ஸின் அடிப்பாகத்தால் உணர்ந்து, காலை எடுக்காமல் பொழுது விடியும்வரை நின்றவர். இந்தக் கதை நடக்கும்போது சாப்பாட்டு மேசையில் யாரும் மூச்சு விடமாட்டார்கள். மகன் சசிதரன் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருப்பான்.

அந்த நான்கு வருடமும் காளிதாசன் முகாமில் முடி வெட்டினார்.

முகாமுக்கு முடி வெட்ட வந்துகொண்டிருந்த ஆள் ஒரு நாள் வராமல் போனார். கத்தரி பிடிக்கத் தெரிந்தவன் யார் என்று அதிகாரி கேட்டார். தோட்டத்தில் தம்பிகளுக்கு வெட்டிவிட்ட பழக்கத்தில் காளிதாசன் கையைத் தூக்கினார். தூக்கிய கையை இறக்க நான்கு வருடம் ஆயிற்று.

அதற்குப் பிறகுதான் பெண் பார்க்கப் போனார். யோகேஸ்வரியின் அப்பா தோட்டத்தில் மண்டோர், கூலியாட்களை மேய்ப்பவர். முடி வெட்டுகிறவருக்கு முன்னால் தலையைக் குனிந்து கொடுப்பார். ஆனால் அந்த ஆளின் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார். அப்படிப்பட்டவர், “காட்டுல மாப்பிள்ளைக்கு என்னா வேல?” என்று கேட்டபோது, உள்ளேயிருந்து காப்பி வந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அது பாதி வழியிலேயே திரும்பிப் போய்விடும். காளிதாசன் அப்போதுதான் முதல்முறையாகக் காட்டுக்குள் ரோந்து போனார்.

பிறகு ஒவ்வோர் ஆண்டும் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனார். மகன் பிறந்ததும் போவதை நிறுத்த முடியவில்லை. சசிதரன் வளர்ந்து, போலீசில் சேர்ந்து, அப்பாவைப் போலவே காட்டுக்குத்தான் போவேன் என்று எழுதிக் கேட்டு எல்லைக்குப் போனான். கடத்தல்காரர்களைத் துரத்தி ஓடிய ஒரு மழைநாளில், பெருகி வந்த ஓடையில் போய்விட்டான். இரண்டு வருடமாகிறது.

இன்று காளிதாசனின் ஓய்வு விருந்து. சிறப்பு விருந்தினர் டத்தோ மஜீத். வனப்படை முகாமில் காளிதாசனின் அதிகாரி. நான்கு வருடம் அவரிடம் தலையைக் கொடுத்தவர். டத்தோ வருகிறார் என்ற செய்தி போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்ததிலிருந்து காளிதாசன் சரியாகச் சாப்பிடவில்லை. விருந்து தள்ளிப்போய்விட்டது என்று டத்தோவுக்குத் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தார். “பொய் சொல்லாத காளி, குரூப்புல மெனுவே வந்திருச்சு” என்று டத்தோ சிரித்தார்.

மிச்சமிருந்த வழி ஒன்றுதான். யோகேஸ்வரி விருந்துக்கு வரக்கூடாது.

“ஏங்க, இது போதுமா, இல்ல அந்தப் பச்ச சேலையா?”

படுக்கையறை வாசலில் இரண்டு சேலைகளோடு நின்றாள் யோகேஸ்வரி. காளிதாசன் நெஞ்சில் குத்த வேண்டிய பதக்கங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் நீண்டகாலச் சேவைக்கும் நன்னடத்தைக்கும் கொடுத்தவை.

“நீ எதுக்கு வர்ற? ஸ்பீச்சு ஸ்பீச்சா பேசிக் கொல்லுவானுங்க. வெயில்ல கூடாரத்துல உக்காரணும்.”

“ரஹ்மத் வீட்டம்மா வர்றாங்க. லோகேஸோட அம்மா வர்றாங்க. பென்சன் வாங்குறவரு பொண்டாட்டி வரக்கூடாதா? நல்லாருக்கே கத.”

“உனக்குத்தான் அந்த போலீஸ் பாலாய்க்குள்ள போனா நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னே.”

சசிதரனின் செய்தியை அந்த நிலையத்தில் வைத்துத்தான் சொன்னார்கள். அதன் பிறகு அவள் அந்தத் தெருப்பக்கமே போனதில்லை. மீன் வாங்கக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

“சொன்னேன்தான். இன்னிக்கிப் போவேன். டத்தோகிட்ட எனக்கு ஒண்ணு கேக்கணும்.”

காளிதாசனின் கையிலிருந்த துணி நின்றது. “என்னா கேக்கணும்?”

“உங்கள கேட்டா எந்திரிச்சி வெளிய போயிடுறீங்க. அவரு உங்ககூட காட்டுல இருந்தவருதானே? உள்ள போறப்ப பயம் வருமா, வந்தா எம்மா நேரம் இருக்கும்னு கேக்கணும்.”

“இப்ப எதுக்கு யோகேஸ் அதெல்லாம்?”

அவள் பச்சைச் சேலையைக் கட்டிலில் போட்டாள். மற்றதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“சசி கடைசில பயந்தானா இல்லியான்னு எனக்குத் தெரியணும். அவனக் கேக்க முடியாது. அந்த மாதிரி எடத்துல நின்ன ஒரு ஆளு, ‘இல்லம்மா, ஓடுறப்ப ஒண்ணும் தெரியாது’ன்னு வாயத் தொறந்து சொன்னா போதும்லா எனக்கு. ராத்திரிக்கி ரெண்டு மணி நேரம் தூங்கிடுவேன்.”

காளிதாசன் பதக்கத்தைத் திருப்பி, பின்பக்கத்தையும் துடைத்தார். பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.

வெளியே காடி வந்து நின்ற சத்தம். மகள் ரூபினி கூலிம் ஹைடெக் பூங்காவில் ஷிப்ட்டை முடித்துக்கொண்டு நேராகக் கார் ஓட்டி வந்திருந்தாள். கழுத்தில் தொழிற்சாலை அட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“ம்மா, இன்னும் கட்டலியா? மணி என்னாச்சு! ப்பா, உங்க மூஞ்சி ஏன் இப்புடி இருக்கு? பென்சன் வாங்குறீங்களா, சம்மன் வாங்குறீங்களா?”

“அம்மாவுக்கு உடம்பு முடியல. நீ வீட்ல கூட இரு” என்றார் காளிதாசன்.

“எனக்கு எதுவும் இல்ல. அவருக்குத்தான் முடியல” என்று சேலையை உதறினாள் யோகேஸ்வரி.

நிலையத்துக்கு முன்னால் மஞ்சள் கூடாரம். மீஹூன், கோழிப் பிரட்டல், மலைபோல் லட்டு. மேடையில் காளிதாசனுக்கு ஒரு நாற்காலி. முதுகில் வெள்ளைத் துணி போட்டு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அவர் உட்காராமல் கூடாரத்துக்குப் பின்னால் ஹாஃபிஸைத் தேடிப் பிடித்தார்.

ஹாஃபிஸ் இளைஞன். சசிதரனோடு பயிற்சியெடுத்தவன், எல்லையில் அவனோடு ஒரே பிரிவில் இருந்தவன். ஓடையில் இறங்கி அவனை வெளியே இழுத்தவனும் இவன்தான். பிறகு தானே கேட்டு இந்த ஊருக்கு மாற்றலாகி வந்திருந்தான். ஏன் இந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. இங்கே அது வழக்கமில்லை.

“தம்பி, டத்தோ வந்தவொடனே நேரா மேடைக்கு ஏத்திரு. பொம்பளைங்க உக்காந்திருக்கிற பக்கம் விட்டுறாத.”

“ஏன் சார்ஜன்?”

“அவருக்கு இனிப்பு நீரு. லட்டு பூரா அந்தப் பக்கம்தான் இருக்கு.”

ஹாஃபிஸ் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “பாக்குறேன் சார்ஜன்” என்றான்.

டத்தோ மஜீத் வந்து இறங்கினார். எழுபத்தைந்தைத் தாண்டிய முகம், முப்பதைத் தாண்டாத கறுப்பில் தலைமுடி. அலோர் ஸ்டாரில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்தவரின் பிள்ளை. பிரியாணி வாசத்தில் வளர்ந்த மூக்கு. ஹாஃபிஸ் மேடையைக் காட்டினான். டத்தோவின் கால்கள் சாப்பாட்டு மேசைக்குப் போயின.

அதே நேரத்தில் ரஹ்மத்தும் லோகேஸ்வரனும் காளிதாசனை இரண்டு பக்கமும் பிடித்து மேடையேற்றி, ரிப்பன் நாற்காலியில் அமர்த்தினார்கள். கழுத்தில் மாலை விழுந்தது. இனி எழுந்தால் மரியாதை இல்லை. அங்கிருந்து எல்லாம் தெரிந்தது, எதுவும் கேட்கவில்லை.

“டத்தோ, நா அவங்க வீட்டுக்காரி” என்றாள் யோகேஸ்வரி, கைகூப்பி. பக்கத்தில் ரூபினி தட்டோடு நின்றாள்.

“காளி சம்சாரமா! அட வாம்மா தங்கச்சி. இம்புட்டு நாளா கண்ணுலயே காட்டல பாரு அவன்.” டத்தோ லட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். “மவன் விஷயம் கேள்விப்பட்டேன். என்ன சொல்றதுன்னு தெரியல. அல்லா ஒனக்குப் பொறுமையக் குடுக்கணும்.”

“அதான் ஒண்ணு கேக்க வந்தேன். இவரு அந்தக் காலத்துல காட்டுக்குள்ள போறப்ப…”

“காட்டுக்குள்ளயா? யாரு, காளியா?” டத்தோ வாய்விட்டுச் சிரித்தார். “நா விடுவேனா! ரெண்டு தடவ வந்து கேட்டான், ‘துவான், என்னையும் ரோந்துக்கு அனுப்புங்க’ன்னு. நீ போயிட்டா என் தலைய யாருடா வெட்டுவான்னு தொரத்தி விட்டேன். நாலு வருஷம் தங்கச்சி! கேம்ப்புல இருந்த அத்தன தலையும் அவன் கையிலதான். என்னா கை! சவரம் பண்றதே தெரியாது. நா தூங்கிருவேன்.”

ரூபினியின் தட்டிலிருந்து கரண்டி கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

யோகேஸ்வரிக்குள் இரண்டு வருடமாகத் தயாராகியிருந்த கேள்வி, இனி யாரும் தடுக்க முடியாத வேகத்தில், தானாக வெளியே வந்தது.

“உள்ள போற பசங்களுக்கு… பயமா இருக்குமா டத்தோ?”

டத்தோவின் சிரிப்பு நின்றது. இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குப் புரிந்தது. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் இந்த நிலையத்தைச் சேர்ந்தவர் இல்லை.

“இருந்திச்சும்மா. எல்லாருக்கும் இருந்திச்சு. எங்கிட்ட எவனும் சொல்லமாட்டான், நா ஆபீசரு. காட்டுலேருந்து வெளிய வந்தா நேரா காளி நாற்காலிக்குத்தான் போவானுங்க. மூஞ்சில சோப்பு நொரயப் பூசிட்டா, அழுவுறது யாருக்குத் தெரியும்? காளிக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தன் கன்னத்துல கத்திய வைக்க முடியாம, அவன் அழுது முடிக்கிற மட்டும் காத்துக்கிட்டு நிப்பான். நானே பாத்திருக்கேன்.” லட்டை மறுபடி தட்டிலேயே வைத்தார். “பயத்தப் பத்தித் தெரியணும்னா நீ அவனத்தான் கேக்கணும் தங்கச்சி. இந்தக் கெடா மாநிலத்துல அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாது.”

யோகேஸ்வரி கைகூப்பினாள். பிறகு காடி நிற்கும் பக்கமாக நடந்தாள். கரண்டியைத் தாண்டிக்கொண்டு ரூபினி பின்னால் ஓடினாள்.

மேடையில் இன்ஸ்பெக்டர் நூருல் ஐன் ஒலிபெருக்கியைத் தட்டினார். நிலையத்தின் தலைவர், நல்ல பெண்மணி. நெட்பால் அணிக்கு ஆள் வேண்டும் என்று படையில் எடுக்கப்பட்டவர். எனவே யாருடைய பெருமையையும் குறைக்கமாட்டார். காட்டுப் புலி என்றார். எல்லைக் காவலன் என்றார். மண்ணுக்குள் புதைத்த கண்ணியின் மேல் விடியும்வரை நின்ற கால் என்றார்.

டத்தோ மஜீத் சுற்றுமுற்றும் பார்த்தார், வேறு யாரோ ஓய்வு பெறுகிறார்களோ என்று. பிறகு ரஹ்மத்தைப் பார்த்தார், லோகேஸ்வரனைப் பார்த்தார், மாலைக்குள் வெளுத்துப்போயிருந்த தன் பழைய ஆளைப் பார்த்தார். கடைசியாகக் காலியாகக் கிடந்த முதல் வரிசை நாற்காலியைப் பார்த்தார். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார்.

பேச அழைத்தார்கள். காளிதாசன் எழுந்து நின்று, “தெரிமா காசி” என்று நன்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வீரர்கள் அதிகம் பேசமாட்டார்கள் என்று கூடாரம் மெச்சிக்கொண்டது.

ரஹ்மத் கொண்டுவந்து இறக்கிவிட்டபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கேட்டில் ரூபினி நின்றாள். அப்பாவின் மாலையைப் பார்த்தாள்.

“உள்ள இருக்காங்க. கேக்குறதுக்குப் பதில் மட்டும் சொல்லுங்க. கத சொல்லாதீங்க ப்பா. ப்ளீஸ்.”

யோகேஸ்வரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். சேலை மாற்றவில்லை.

“வாங்க சார்ஜன்.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

“யோகேஸ், அந்த முடி வெட்டுற வேல… உங்கப்பா அன்னிக்கி…”

“அத விடுங்க. முடிதானே? எங்கப்பாவுக்குத்தான் அது பெருசு, அவரும் போய்ச் சேந்துட்டாரு. கல்யாணத்துக்கு மறுநாளு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். எனக்கும் ரெண்டு தடவ வெட்டி விட்டிருப்பீங்க.” அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. “சசி எல்லைக்குப் போறதுக்கு மொத நாளு, இந்த எடத்துலதான் உக்காந்திருந்தான். நா அடுப்புல ரொட்டி போட்டுக்கிட்டிருந்தேன். உங்ககிட்ட மெதுவா ஏதோ கேட்டான். என்ன கேட்டான்?”

மழை கூரைத் தகரத்தில் கொஞ்சம் வலுத்தது.

“பயமா இருக்குமாப்பான்னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பயம்னா என்னன்னே எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்.”

“அத்தன பசங்க அழுததப் பாத்துட்டு.”

“ஆமா.”

“ஒருத்தன் பேரயாச்சும் சொல்லியிருக்கலாமே. அழுதாங்கடா, அழுதுட்டுத்தான் மறுபடி உள்ள போனாங்கன்னு. அவன் தனியா இல்லன்னு தெரிஞ்சிருக்கும். பயந்தா திரும்பி வந்துடலாம்னு தெரிஞ்சிருக்கும்.” அவள் மேசை விரிப்பின் ஓரத்தைச் சரிசெய்தாள். “அதுக்கு அவன் என்ன சொன்னான்?”

காளிதாசனிடம் சொல்லக் கதை ஒன்றும் இல்லை.

“சிரிச்சான். ‘அப்ப எனக்கும் வராதுப்பா’ன்னான்.”

யோகேஸ்வரி எழுந்தாள். தங்கள் அறைக்குப் போகவில்லை. சசிதரனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

வாசலில் மோட்டார் நிற்கும் சத்தம் கேட்டு ரூபினி வெளியே போனாள். ஹாஃபிஸ், மழைச்சட்டைகூடப் போடாமல் நனைந்து நின்றான்.

“அக்கா, அம்மா எப்புடி இருக்காங்க?”

“கதவச் சாத்திக்கிட்டாங்க. நீ எதுக்கு இந்த மழையில?”

“டத்தோ அழுறாருக்கா. தெரியாம சொல்லிட்டேன்னு.” ஹாஃபிஸ் தலைக்கவசத்தைக் கையில் உருட்டினான். “அக்கா… சசிக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அப்பா முடி வெட்டுனவருன்னு. நாங்க அங்க போன மொத மாசமே பழைய ஆளு ஒருத்தரு சொல்லிட்டாரு.”

ரூபினி கேட்டைப் பிடித்துக்கொண்டாள். “தெரிஞ்சுமா அங்க இருந்தான்? ஒரு தடவகூட வீட்ல சொல்லலியே! ஏன்டா இருந்தான்?”

“அத அம்மாகிட்ட மட்டும்தான் சொல்லணும்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான். ரெண்டு வருஷமா இந்தத் தெருவுல வர்றேன் போறேன், கதவத் தட்ட தைரியம் வரல. நாளைக்கி அம்மா என்னப் பாப்பாங்களா? கேட்டுச் சொல்லுங்கக்கா.” பதிலுக்குக் காத்திராமல் மோட்டாரைக் கிளப்பினான்.

ரூபினி உள்ளே திரும்பினாள். அப்பா அதே நாற்காலியில், மாலையோடும் பதக்கங்களோடும் உட்கார்ந்திருந்தார். துடைத்து வைத்த தரையில் வாசலிலிருந்து மேசைவரை சேற்றுத் தடம்.

“பூட்ஸோட வீட்டுக்குள்ள வந்திருக்கீங்க. கழட்டுங்க ப்பா.”

அவர் கழற்றவில்லை. சாத்தியிருந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வயிறு தடுக்கும். காளிதாசனால் குனிந்து பூட்ஸைக் கழற்ற முடியாது. பல வருடமாக யோகேஸ்வரிதான் கழற்றிவிடுகிறாள்.